நோயும் சொல்லும்

ஒரு சமுதாயம் தன் உடலைப் பற்றி எந்த மொழியில் பேசுகின்றதோ, அந்த மொழியிலேயே தன் அச்சத்தையும் நம்பிக்கையையும் வகுத்துக்கொள்கின்றது. ஆதலின் மருத்துவ வரலாறு என்பது மருந்துகளின் வரலாறு மட்டுமன்று, சொற்களின் வரலாறுமாகும்.

தமிழில் மருத்துவ அறிவு நெடுங்காலம் செய்யுள் வடிவிலேயே வாழ்ந்தது. சித்தர் நூல்களில் மூலிகைகளும் உலோகங்களும் பல இடங்களில் மறைபெயர்களால் சுட்டப்பட்டன. அவற்றின் பொருள் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குச் செவிவழியே சென்றது. எனினும் பத்தியம், பித்தம், வாயு, சூடு முதலிய சொற்கள் அடுக்களை வரை வந்து சேர்ந்திருந்தன. மருந்தின் செய்முறை மறைவாக இருந்தபோதும், நோயைப் பற்றிப் பேசுவதற்கு வைத்தியருக்கும் நோயாளிக்கும் பொதுவான சொற்கள் இருந்தன. மேனாட்டு மருத்துவம் வந்தபோது இந்தப் பொதுமையே முதலில் அறுபட்டது. புதிய மருத்துவன் ஆங்கிலத்தில் கற்றான். நோயாளி தமிழில் வருந்தினான்.

இந்த இடைவெளியை உணர்ந்து செயற்பட்டோருள் முதன்மையானவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டரில் 1822-இல் பிறந்த இவர், சமயத் தொண்டராகவும் மருத்துவராகவும் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் பலர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டு நீங்குவதைக் கண்டு, 1864-இல் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். தமிழில் பயின்றவர் தமிழர் நடுவிலேயே தங்குவர் என்பது அவர் கருத்து. அவரிடம் பயின்ற மருத்துவர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழில் பயின்றவர் என்பர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! மாணவர் துணையுடன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் கிரீன் இறங்கினார். அறுவை மருத்துவம் ‘இரண வைத்தியம்’ என 1867-இலும், உடற்கூற்றியல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872-இலும், வேதியியல் ‘கெமிஸ்தம்’ என 1875-இலும் வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ் நூல்களைத் தேடுவது, கிடையாதபோது வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பன அவர் கைக்கொண்ட நெறிகள். அவர் ஆக்கிய சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. நடையில் வடமொழிச் சாயல் மிகுதி. ஆயினும் அவர் எழுப்பிய வினா வழக்கொழியவில்லை. நோயாளியின் மொழி தெரியாத மருத்துவம் எவ்வாறு நோயாளியைச் சேரும்?

கிரீன் 1873-இல் தாயகம் திரும்பினார், 1884-இல் மறைந்தார். அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைபெறவில்லை. எனினும் சொல்லாக்க முயற்சி வேறிடங்களில் துளிர்த்தது. 1916-இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ நூலை வெளியிட்டது. இம்முயற்சிகள் பள்ளிப் பாடநூல்களுக்கு உரமாயின. மருத்துவரின் அறைக்குள் மட்டும் நுழைய இயலவில்லை. மருந்துச் சீட்டு இன்றளவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது.

இந்தக் குறையின் விலை 2020-இல் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 11-ஆம் நாள் உலக நலவாழ்வு அமைப்பு கொரோனாவை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முடங்கியது. கைப்பேசியில் யாரை அழைத்தாலும் முதலில் நோய் பற்றிய அறிவுரையே ஒலித்தது. கையடக்கக் கருவியொன்று மருத்துவமனையாகவும் செய்தித்தாளாகவும் திண்ணையாகவும் ஆயிற்று. ஆனால் அதன்வழி வந்த சொற்கள் எத்தகையன?

‘சமூக இடைவெளி’ என்பது ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. தீண்டாமையை நூற்றாண்டுகளாகக் கண்ட மண்ணில் இத்தொடர் எதை நினைவூட்டும் எனப் பலர் வினவினர். உலக நலவாழ்வு அமைப்பே அம்மாதத்தில் ‘உடல் இடைவெளி’ என்ற பொருள்படும் தொடருக்கு மாறியது. விலகியிருக்க வேண்டியவை உடல்களேயன்றி உள்ளங்கள் அல்ல என்பது அதன் கருத்து. ‘தனிமைப்படுத்துதல்’ என்ற ஒரே சொல் நோயுற்றாரைப் பிரித்து வைப்பதற்கும், நோய் உண்டோ என ஐயுறப்பட்டாரைக் காத்து வைப்பதற்கும் வழங்கியது. வீட்டு வாயிலில் ஒட்டப்பட்ட அச்சொல்லைக் கண்ட அண்டைவீட்டார்க்கு இரண்டின் வேறுபாடும் விளங்கவில்லை.

சொல் விளங்காத இடத்தில் அச்சம் பொருள் சொல்லும். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் தாக்கியது. புதைத்த உடலிலிருந்து நோய் ஊருக்குப் பரவும் என்னும் அச்சம் அங்கே அறிவை வென்றது. வாழ்நாளெல்லாம் பிறர் நோய் தீர்த்தவருக்கு ஆறடி மண்ணை மறுக்கும் அளவுக்கு அந்த அச்சம் வளர்ந்தது. வதந்தி கைப்பேசியில் நொடிப்பொழுதில் பரவியது. தெளிந்த தமிழில் அமைந்த விளக்கம் மெல்ல நடந்து வந்தது. ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐவருக்கு மேல் அனுப்பலாகாது என வாட்ஸ்அப் 2019-இல் வரம்பிட்டது. பலமுறை கைமாறிய செய்திக்கு 2020-இல் அவ்வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. கருவி வேகத்தைக் குறைக்கலாம். உண்மையைச் சொல்லித்தர அதற்கு இயலாது.

மருந்தின் கூறுகள் நான்கு என்பது திருக்குறள் காட்டும் நெறி: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். இந்நால்வகையையும் ஒன்றோடொன்று பிணைப்பது பேச்சு. அது பழுதுபட்டால் நான்கும் தனித்தனியே நிற்கும்.

சொல்லாக்கம் அறிஞர் குழுக்களுக்கு மட்டும் உரிய பணியன்று. ஒரு சொல்லின் ஓசையையும் அதன் பின்னே மறைந்து நிற்கும் வரலாற்றையும் ஒருங்கே கேட்கும் செவி கவிஞர்க்கு உரியது. ‘சமூக இடைவெளி’ என்ற தொடரில் தீண்டாமையின் எதிரொலியைக் கேட்டது அத்தகைய செவியே. மானிப்பாயில் அயல்நாட்டார் ஒருவர் தம் மாணவரோடு அமர்ந்து தேடிய சொற்களின் பட்டியல் இன்னும் நிறைவு பெறவில்லை. அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன் அதனை நிறைவு செய்யும் கடமை, மருத்துவரோடு இலக்கிய வட்டங்களுக்கும் உரியது.