அண்டாவும் கொசுவும்

தண்ணீரைச் சேர்த்து வைப்பது சிக்கனமுள்ள குடும்பத்தின் அடையாளம் என்பது நம்மவர் கொள்கை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பிழைக்க வந்த நாம், குழாயில் நீர் வரும் நேரமறிந்து அண்டாவையும் டிரம்மையும் நிரப்பி வைக்கிறோம். இந்த நற்பழக்கத்தின் வழியே ஒரு நோய் நம் இல்லங்களிற் புகுந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் டெங்குவை ஒத்த காய்ச்சல் பரவியது என்பர் மருத்துவ நூலோர். அதன் காரணத்தை அன்று அறிந்தார் இலர். 1897-இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். 1906-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாங்கிராப்ட், டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு என்பதற்குச் சான்று தந்தார்.

1911 வரை சித்தூரும் வேலூரும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அவ்வேலூரில் 1950-களிலும் 1960-களிலும் நோயாளரின் இரத்தத்திலிருந்து டெங்குக் கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே இந்நோய் நம் பக்கத்திற்குப் புதிதன்று.

ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலுள்ள தெளிந்த நீரையே நாடும். நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். நீர் வற்றினும் அம்முட்டை பல மாதம் சாவதில்லை. மீண்டும் நீர் பட்டதும் பொரியும். ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் கொசுவாகும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்தல் வேண்டும்.

நம் பாட்டியர் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து, புளியிட்டுத் துலக்கிய பின்னரே புதுநீர் பிடித்தனர். இன்றைய டிரம்மோ கவிழ்க்க இயலாத பாரம். ஆதலின் பழைய நீரின் மேலேயே புதுநீரை ஊற்றுகிறோம். தீங்கு இங்கேதான் தொடங்கிற்று.

சென்ற மழைக்காலத்தில் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தார். "எங்கள் தண்ணீர் சுத்தமானது" என்று பெருமை பேசினோம். அவர் டிரம்மினுள் டார்ச் அடித்துக் காட்டினார். கூத்தாடிப் புழுக்கள் நெளிந்தன. அண்டை வீட்டுச் சிறுவன் காய்ச்சலிற் கிடந்த வாரம் அது. யாம் தலைகுனிந்தோம்.

1901-இல் கியூபாவின் ஹவானா நகரில், இதே கொசு பரப்பிய மஞ்சள் காய்ச்சலை ஒழித்தனர். வீடுதோறும் சென்று நீர்த்தொட்டிகளை மூடச் செய்ததே அதற்குப் பெருந்துணையாயிற்று.

ஆந்திரச் சுகாதாரத் துறையினர் வெள்ளிக்கிழமையை 'டிரை டே' என்று கடைப்பிடிக்கச் சொல்கின்றனர். வெள்ளிதோறும் வீடு கழுவும் நமக்கு இது புதிதா? அன்று டிரம்மையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, உலர்த்தி, நிரப்பியபின் துணியிட்டு இறுகக் கட்டுவோம். நம் ஒரு வீட்டுக் கொசு அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும் என்பதை மறவாதிருப்போமாக!