ஒரே இடம், இரண்டு பேர்: வெங்கட்டா, பிரசன்னாவா?

சென்ற வாரம் காபிக்கடையில் ஒரு பழைய நண்பர் கேட்டார்: "ஏன் சார், நம்ம காலத்துல அரசியலுக்கு அடுத்தபடியா அதிகமா சண்டை போட்டது எதுக்கு?" யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வெங்கட்டா, பிரசன்னாவா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இன்னிக்கும் எனக்கு வெங்கட்தான்" என்றார். ஐம்பது வருஷம் ஆகியும் வழக்கு தீரவில்லை. இந்தத் தலைமுறைக்கு அது என்ன வழக்கு என்று தெரியாது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் இந்திய கிரிக்கெட்டுக்கு நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள் கிடைத்தார்கள். பேடி இடதுகை. சந்திரசேகர் லெக் ஸ்பின். இவர்கள் இருவருக்கும் போட்டி இல்லை. மற்ற இருவரும் ஆஃப் ஸ்பின் போடுகிறவர்கள். ஒருவர் மைசூர் மாநிலத்து ஈ.ஏ.எஸ். பிரசன்னா, இன்னொருவர் நம் சென்னை எஸ். வெங்கட்ராகவன். இரண்டு பேரும் இன்ஜினீயரிங் படித்தவர்கள், இரண்டு பேரும் தென் மண்டலம். அணியில் இருந்ததோ பெரும்பாலும் ஒரு ஆஃப் ஸ்பின்னருக்கான இடம்தான். நால்வரும் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு தடவை, 1967-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில்.

முதலில் வந்தவர் பிரசன்னா. 1962 ஜனவரியில் சென்னையிலேயே இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். வெஸ்ட் இண்டீஸ் போய் வந்தார். பிறகு படிப்பை முடிக்க வேண்டும் என்று ஒதுங்கிவிட்டார். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் டெஸ்ட் பக்கமே இல்லை. அந்த இடைவெளியில், 1965-ல், கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். பத்தொன்பது வயது. நியூசிலாந்துக்கு எதிராக டெல்லியில் முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 80 ரன்னுக்கு 4. ஒரே டெஸ்டில் 12 விக்கெட்! எங்கள் ஊரில் பேப்பர் வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். அன்று அந்தப் பேப்பர் கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போனது.

1967 ஜனவரியில் டெஸ்ட் ஆட்டம் மீண்டும் சேப்பாக்கத்துக்கு வந்தது. எதிரில் சோபர்ஸின் வெஸ்ட் இண்டீஸ். பொங்கல் சமயம். இங்கே காவிரிக் கரையில் சம்பா அறுவடை மும்முரம். களத்துமேட்டில் நெல் தூற்றுகிற இடத்தில் பெரியப்பா டிரான்சிஸ்டரை வைக்கோல் போர் மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். (ரேடியோவுக்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் அது.) முதல் இரண்டு டெஸ்டில் ஆடிய வெங்கட்டை, சொந்த ஊர் ஆட்டத்தில் எடுத்துவிட்டார்கள். பிரசன்னா திரும்பி வந்தார். எங்கள் தெரு இரண்டாகப் பிளந்தது அன்றுதான்.

என் சித்தப்பா பெங்களூரில் உத்தியோகம் பார்த்தவர். பொங்கலுக்கு வந்தால் பிரசன்னா கட்சி. பெரியப்பா வெங்கட் கட்சி. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு இலை காய்ந்துபோகும். பெரியப்பா சொல்வார்: "வெங்கட் வாய்க்கால் தண்ணி மாதிரிடா. நாள் பூரா ஒரே அளவா வரும், கரையை உடைக்காது." அதற்குச் சித்தப்பா, "அண்ணா, பிரசன்னா ஆத்துத் தண்ணி. மேலே பார்த்தா சாதுவா இருக்கும், சுழி எங்கேன்னு இறங்கினவனுக்குத்தான் தெரியும்" என்பார். பிற்பாடு எத்தனையோ பெரிய நிபுணர்கள் எழுதியதைப் படித்துவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

விஷயம் அதேதான். பிரசன்னா பந்தைக் காற்றில் தூக்கிப் போடுவார். பேட்ஸ்மேன் இதோ வந்துவிட்டது என்று இறங்குவான், பந்து இன்னும் வந்திருக்காது. அடி வாங்கவும் அஞ்சமாட்டார். வெங்கட் சற்று வேகமாக, தட்டையாக, அளவு தவறாமல் போடுவார். ரன் கொடுக்கமாட்டார். அதோடு மட்டையும் பிடிப்பார், பேட்ஸ்மேனுக்கு அருகில் நின்று அருமையான கேட்சுகளும் பிடிப்பார். ஆக, கேப்டன் யார் என்பதைப் பொறுத்து ஆள் மாறினார். பட்டோடிக்குப் பிரசன்னா. வடேகருக்கு வெங்கட்.

பட்டோடி காலத்தில் பிரசன்னா கொடிகட்டிப் பறந்தார். 1967-68-ல் ஆஸ்திரேலியாவில் நான்கே டெஸ்டில் 25 விக்கெட். உடனே நியூசிலாந்தில் 24. வெளிநாட்டில் நாம் முதன்முதலாக ஒரு தொடரை ஜெயித்தது அங்கேதான். இருபதே டெஸ்டில் நூறு விக்கெட் எடுத்துவிட்டார்.

1969 நவம்பரில் லாரியின் ஆஸ்திரேலிய அணி வந்தது. பம்பாய் டெஸ்டுக்கு வெங்கட் பெயர் இல்லை. நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பியது. கடைசியில் வங்காளத்து சுப்ரதோ குஹா ஒதுங்கிக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்தார். ரசிகர்கள் கூச்சல் போட்டு ஒரு ஆட்டக்காரரை உள்ளே கொண்டுவந்ததை அப்போதுதான் பார்த்தோம். அதே ஆட்டத்தில் வெங்கட்டுக்குக் கொடுத்த அவுட் தவறு என்று கூட்டம் கொதித்து, பிரபோர்ன் மைதானத்தில் நாற்காலிகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதே டிசம்பரில் சேப்பாக்கத்தில் இருவருமே ஆடினார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 24 ரன்னுக்கு 6 விக்கெட். பிரசன்னா அந்த ஆட்டத்தில் மொத்தம் 10 விக்கெட். ஆனாலும் நாம் தோற்றோம்.

1971-ல் காற்று திசை மாறியது. வடேகர் கேப்டன், வெங்கட் துணைக் கேப்டன். வெஸ்ட் இண்டீஸில் நம் தரப்பில் அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட்தான், 22. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கிடைத்த சரித்திர வெற்றியில் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட். அடுத்து இங்கிலாந்து. ஓவலில் ஜெயித்தோம், தொடரையும் ஜெயித்தோம். மூன்று டெஸ்டிலும் வெங்கட். உலகத்தின் தலைசிறந்த ஆஃப் ஸ்பின்னர் என்று பலரும் சொன்ன பிரசன்னா, அந்த மூன்று டெஸ்டையும் வெளியே உட்கார்ந்து பார்த்தார். பெரியப்பா தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். சித்தப்பா அந்த வருஷம் தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம்!

ஆனால் எல்லாவற்றையும்விட என் மனதில் தைத்தது 1974 டிசம்பர். டெல்லி டெஸ்டில் பட்டோடிக்குக் காயம், கவாஸ்கருக்கும் காயம். வெங்கட் கேப்டன் ஆனார். ஆட்டம் தோற்றது. அடுத்த கல்கத்தா டெஸ்டில் அதே வெங்கட் பன்னிரண்டாவது ஆள்! போன வாரம் டாஸ் போட்டவர், இந்த வாரம் தண்ணீர் கொண்டுபோகிறவர். பிரசன்னா கட்சிக்காரரான சித்தப்பாவே, "இது நியாயமில்லை, ஒரு மனுஷனை இப்படிப் பண்ணக்கூடாது" என்றார். பெரியப்பா பதில் பேசவில்லை. திண்ணையில் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

அடுத்த மாதமே, 1975 பொங்கலை ஒட்டி, சேப்பாக்கத்தில் விஸ்வநாத்தின் அந்த அமர 97. அதே ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸின் 9 விக்கெட்டைச் சாய்த்தவர் பிரசன்னா. சென்னைக் கூட்டம் அவருக்குக் கைதட்டியது. தன் ஊர்ப் பிள்ளை வெளியே இருக்கும்போது அவன் இடத்தில் ஆடுகிறவனுக்கு மனதாரக் கைதட்டுவது சாதாரண விஷயமா? சேப்பாக்கம் ரசிகர்களைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்தக் குணம் இப்படிப்பட்ட நாட்களில் வளர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பார்த்தால்: பிரசன்னா 49 டெஸ்ட், 189 விக்கெட். வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட். பந்து வீச்சு மட்டும் என்றால் தீர்ப்பு பிரசன்னாவுக்குத்தான். தஞ்சாவூர்க்காரன் இப்படி எழுதுகிறேனே என்று நண்பர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1965-ல் வந்த வெங்கட், எத்தனை முறை எடுத்துப் போட்டாலும் திரும்பித் திரும்பி வந்து 1983 வரை டெஸ்ட் ஆடினார். பன்னிரண்டாவது ஆளாக நின்ற ஆறே மாதத்தில், முதல் உலகக் கோப்பையில் இந்தியாவின் கேப்டன் அவர்தான். ஆட்டத்தை விட்டபின் வெள்ளைக் கோட்டு மாட்டி 73 டெஸ்டுக்கு அம்பயராகவும் நின்றார்.

அஸ்வினை இங்கிலாந்தில் உட்கார வைத்தபோது என் பேரன் குதித்தான். 2021-ல் அங்கே இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய நான்கு டெஸ்டிலும் அவருக்கு இடமில்லை. பிரசன்னாவின் அந்த இருபது டெஸ்ட் சாதனையைப் பதினெட்டு டெஸ்டில் முறியடித்த நம் ஊர்ப் பிள்ளை அவர். "தாத்தா, இப்படி எங்கேயாவது நடக்குமா?" என்றான். "உட்கார், 1971-ல் ஓவலில் நடந்ததைச் சொல்கிறேன்" என்றேன்.

உங்கள் வீட்டுத் திண்ணை எந்தக் கட்சி? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.