ஏப்ரல் மாதத்துத் தண்ணீர்: ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரும் லடாக்கின் பனித்தேக்கங்களும்

இந்தியாவின் நீர்ப் பாதுகாப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசர்கள் வெட்டிய ஏரிகளையும் அரசுகள் கட்டிய அணைகளையும் பற்றியே பேசுகின்றனர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் ஊர்மக்களோடு சேர்ந்து தண்ணீரைக் காக்கப் புறப்பட்ட முதியவர்களின் பங்கு அந்த வரலாற்றில் இரண்டு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை. அவர்கள் எதைக் கொண்டுவந்தனர், எதை விட்டுச் சென்றனர், எதை அவர்களால் செய்ய இயலவில்லை என்பதை ஆராய்வதற்கு லடாக்கின் அனுபவம் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே. மழையை நம்பி அங்கு ஒரு பிடி தானியமும் விளைவிக்க முடியாது. வாற்கோதுமை, கோதுமை, பட்டாணி, குதிரைமசால் என எதுவாயினும் மலைமேலிருந்து இறங்கும் பனியுருகு நீரால்தான் விளைகிறது. ஆகவே லடாக்கின் ஒவ்வொரு கிராமமும் ஏதேனும் ஒரு நீரோடையின் வாயில் பச்சைத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. திட்டுக்கு வெளியே கால் வைத்தால் பாலைவனம்.

இங்குள்ள சிக்கல் நீரின் அளவைக் காட்டிலும் அது வரும் காலத்தைப் பற்றியது. குளிர் மிகக் கடுமையாதலால் ஆண்டுக்கு ஒரே ஒரு போகம்தான் சாத்தியம். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தால்தான் இலையுதிர்காலத்து உறைபனிக்கு முன்பாகக் கதிர் முற்றும். ஆனால் உயரத்தில் உள்ள பனியாறுகள் தாராளமாக உருகத் தொடங்குவது ஜூன் மாதத்தில். விதைப்புக் காலத்தில் ஓடை வற்றிக் கிடக்கும். நீர் பெருகி வரும் வேளையில் விதைப்புக் காலம் கடந்திருக்கும். இந்த ஆறேழு வார இடைவெளியே ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவைத் தீர்மானித்து வந்தது.

இந்த இடைவெளியைச் சமாளிக்க லடாக்கின் மக்கள் பல நூற்றாண்டுகளாக ஒரு நுட்பமான அமைப்பை வைத்திருந்தனர். ஓடையிலிருந்து பிரியும் கால்வாய்களுக்கு ‘யுரா’ என்று பெயர். இரவில் வழிந்தோடும் சிறிதளவு நீரையும் வீணாக்காமல் தேக்கி, பகலில் வயலுக்குத் திறந்துவிடும் குளத்திற்கு ‘ஸிங்’ என்று பெயர். இவற்றையெல்லாம் மேற்பார்வையிடும் ஊர் அலுவலர் ‘சுர்பொன்’. அச்சொல்லை நீருக்குத் தலைவர் என்று பொருள் கொள்ளலாம். எந்த வீட்டின் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் நீர் போக வேண்டும் என்று முறை வைப்பதும், மடையைத் திறந்து மூடுவதும், சண்டை வந்தால் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. பல ஊர்களில் இப்பொறுப்பு வீடுதோறும் சுழற்சி முறையில் வரும். கூலி பெரும்பாலும் தானியமாக அளக்கப்படும். வசந்தத்தின் தொடக்கத்தில் கால்வாயில் அடைந்த மண்ணையும் கல்லையும் அகற்ற வீட்டுக்கு ஓர் ஆள் வருவது கட்டாயம். சுருங்கச் சொன்னால், நீர் மலையிலிருந்து வந்தது. பாசனம் ஊரின் ஒழுங்கிலிருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த ஒழுங்கின் அடித்தளம் அசையத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின் லடாக்கில் படைமுகாம்களும் சாலைகளும் பெருகின. 1974இல் சுற்றுலாப் பயணிகளுக்கு அப்பகுதி திறந்துவிடப்பட்டது. இளைஞர்கள் படைக்கும் அரசுப் பணிக்கும் விடுதித் தொழிலுக்கும் சென்றனர். கால்வாயில் இறங்கும் கைகள் குறைந்தன. நகரின் நீர்த்தேவை கூடியது. கிராமத்திற்கு மேலே தாழ்ந்த சரிவுகளில் முன்பு நெடுநாள் தங்கிய பனி விரைவில் மறைவதை முதியவர்கள் கண்டனர். பனியாறுகள் பின்வாங்கியதால் ஏப்ரல் மாதத்துப் பற்றாக்குறை மேலும் கூர்மையடைந்தது.

இச்சூழலில் வருபவர்தான் செவாங் நோர்பெல். 1930களின் நடுப்பகுதியில் லேயில் பிறந்த அவர், குடிசார் பொறியியலில் பட்டயம் பெற்று, 1960இல் ஜம்மு காஷ்மீர் அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் செய்த பணி சிறு பாலம், கால்வாய், ஸிங், சாலை ஆகியவற்றைக் கட்டுவதே. அப்பணிக்காக அவர் லடாக்கின் மூலைமுடுக்குக் கிராமங்களுக்கெல்லாம் நடந்தே சென்றிருக்கிறார். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தச் சரிவில் வெயில் படாது, எந்த ஊரில் யார் சொன்னால் பிறர் கேட்பர் என்பதெல்லாம் கோப்பில் ஏறாத அறிவாக அவரிடம் சேர்ந்தன.

அவருடைய கருத்தின் தொடக்கம் ஒரு சிறிய காட்சி. கடுங்குளிரில் வாய்க்கால் நீர் திறந்தவெளியில் உறையாமல் ஓடுவதையும், பாப்லர் மரங்களின் நிழலில் மெல்லக் கசியும் அதே நீர் கெட்டியாக உறைந்து கிடப்பதையும் அவர் கவனித்தார். வேகமும் வெயிலும் குறைந்தால் நீர் உறையும். இவ்வளவுதான் கோட்பாடு. குளிர்காலத்தில் எந்த வயலுக்கும் பயன்படாமல் ஆற்றில் போய்ச் சேரும் நீரை நிழலான ஒரு பள்ளத்தாக்கிற்குத் திருப்பி, வேகத்தைத் தணித்து, அங்கேயே உறையச் செய்தால் என்ன என்பது அவருடைய கேள்வி.

அதன் செயல்முறையும் எளியது. நவம்பர் மாதத்தில் ஓடையின் மதகைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டிய கால்வாய் வழியாக நீர் கொண்டுசெல்லப்படும். சரிவின் குறுக்கே சிமெண்ட் பூசாத கற்களால் அடுக்கடுக்காகச் சுவர்கள் எழுப்பப்படும். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் நீர் தயங்கி நின்று மெல்லிய ஏடாக உறையும்; அதன்மேல் அடுத்த ஏடு. மார்ச் வரையில் இது தொடரும். இயற்கைப் பனியாறு மிக உயரத்தில் இருப்பதால் ஜூனில் உருகுகிறது. இதுவோ கிராமத்திற்குச் சற்று மேலே, வெப்பம் முதலில் வந்தடையும் உயரத்தில் இருப்பதால் ஏப்ரலிலேயே உருகுகிறது. விதைப்புக்கு வேண்டிய முதல் நீர் இவ்வாறு கிடைக்கிறது.

இம்முயற்சிகளில் முன்னோடியானது புக்ட்சே கிராமத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கியது. அங்குள்ள தேக்கம் சுமார் 1,000 அடி நீளம், 150 அடி அகலம், சராசரியாக 4 அடி ஆழம் கொண்டது என்றும், சுமார் 90,000 ரூபாய் செலவில் முடிந்தது என்றும் பதிவுகள் கூறுகின்றன. பெருக்கிப் பார்த்தால் ஆறு லட்சம் கன அடி பனிக்கட்டி. உருகினால் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி லிட்டர் நீர். பேரணைகளின் கணக்கில் இது ஒரு துளி. எழுநூறு பேர் வாழும் ஓர் ஊருக்கோ இது ஓர் ஆண்டின் விதைப்பு.

நோர்பெல் 1995இல் ஓய்வுபெற்றார். லேயின் தன்னாட்சி மலை வளர்ச்சிக் குழு அமைந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு அவர் லே ஊட்டச்சத்துத் திட்டம் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுப் பொறுப்பை ஏற்றார். பணிக்காலத்தில் தோன்றிய எண்ணம் ஓய்வுக்காலத்தில்தான் ஊர் ஊராகப் பரவியது என்பது கவனிக்கத்தக்கது. துறையில் இருந்தவரை சாலையும் பாலமும் முதற்கடமை. பனிக்கட்டிக்கு மதிப்பீடு தயாரிக்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஓய்வு அவருக்குக் காலத்தைத் தந்தது. ஆனால் மதிப்பீடு எழுதவும், அளவெடுக்கவும், அரசுத் திட்டங்களிலிருந்து நிதி கேட்கவும் கற்றுத்தந்தது அந்தப் பழைய பணியே. 2012 அளவில் அவர் முன்னின்று அமைத்த தேக்கங்கள் பத்துக்கும் மேற்பட்டவை. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதே காலகட்டத்தில் நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய மனிதர்கள் இருந்தனர். இராணுவத்தில் ஓட்டுநராக இருந்து 1975இல் ஊர் திரும்பிய அண்ணா ஹசாரே, மகாராஷ்டிரத்தின் மழைமறைவுப் பகுதியான ராலேகன் சித்தியில் கசிவுநீர்க் குட்டைகளையும் தடுப்பணைகளையும் அமைக்க ஊரைத் திரட்டினார். பெங்களூரு மாநகராட்சியின் முன்னாள் நிர்வாகி லட்சுமண ராவ் தலைமையிலான குழு, 1980களின் நடுப்பகுதியில் அந்நகரின் ஏரிகளைத் தூர்க்காமல் காக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றும் பெங்களூருவின் ஏரி ஆர்வலர்கள் அவ்வறிக்கையை மேற்கோள் காட்டுகின்றனர். ஒருவரிடம் படைவீரரின் கட்டுப்பாடு, மற்றவரிடம் நிர்வாகியின் எழுத்தாற்றல், நோர்பெலிடம் களப்பொறியாளரின் கண். பணியில் பெற்ற திறனே ஓய்வுக்குப் பின் அவரவர் முயற்சிக்கு வடிவம் தந்தது.

எனினும் லடாக்கின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் முடித்துவிட இயலாது. ‘செயற்கைப் பனியாறு’ என்ற பெயரையே நிலவியலாளர்கள் ஏற்பதில்லை. பனியாறு என்பது ஆண்டுக்கணக்கில் நிலைத்து, தன் எடையால் மெல்ல நகர்வது. இவையோ ஒவ்வொரு கோடையிலும் முற்றிலும் கரைந்துவிடுபவை. எனவே ‘பனித்தேக்கம்’ என்ற பெயரே பொருத்தம் என்பர். அவற்றின் விளைச்சலும் ஆண்டுக்காண்டு மாறுகிறது. குளிர்காலம் மிதமாக இருந்தால் நீர் உறைவதில்லை. மிகக் கடுமையாக இருந்தால் கால்வாய் வழியிலேயே உறைந்து, நீர் உரிய இடம் சேர்வதில்லை. 2010 ஆகஸ்டில் லேயைத் தாக்கி 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மேகவெடிப்பு போன்ற வெள்ளங்கள் இந்தச் சரிவுகளில் கற்சுவரை நொடியில் புரட்டிவிடக் கூடியவை. பின்னாளில் ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது சில தேக்கங்கள் சேதமுற்றும் கைவிடப்பட்டும் கிடந்தன.

ஏன் கைவிடப்பட்டன என்ற கேள்விதான் இவ்வரலாற்றின் மையம். கற்சுவர் எழுப்ப ஒருமுறை நிதி வந்தால் போதும். ஆனால் நவம்பர் குளிரில் மதகைத் திருப்பவும், உறைந்த கால்வாயை உடைத்து நீரை ஓடவிடவும், வெள்ளத்தில் சரிந்த கல்லை மறுபடி அடுக்கவும் ஆண்டுதோறும் ஆள் வேண்டும். அரசுத் திட்டங்களில் கட்டுமானத்திற்குத் தலைப்பு உண்டு. காவலுக்கும் பழுதுபார்ப்புக்கும் பெரும்பாலும் தலைப்பு இல்லை. சுர்பொன் முறை உயிரோடிருக்கும் ஊரில் இவ்வேலையைச் செய்ய ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அம்முறை தளர்ந்த ஊரிலோ பொறியாளர் சென்றபின் சுவரைப் பார்க்க எவருமில்லை.

ஊடகங்கள் நோர்பெலுக்குச் சூட்டிய பெயர் ‘பனி மனிதர்’. அப்பெயரில் அன்பு உண்டு. ஒரு மறைப்பும் உண்டு. தனியொருவர் பனியாற்றைப் படைத்தார் என்று சொல்லும்போது, கல் சுமந்த ஊர்மக்களும், இரவில் மடை காத்த சுர்பொன்னும் காட்சியிலிருந்து நீங்கிவிடுகின்றனர். அவர்களோடு சேர்ந்து, அடுத்த பராமரிப்பாளரை உருவாக்க வேண்டிய கடமையும் மறக்கப்படுகிறது. ஓய்வுபெற்றோர் தலைமையேற்கும் நீர்க்குழுக்கள் எங்கும் சந்திக்கும் இடர்ப்பாடு இதுவே. அவர்களிடம் அனுபவம் உண்டு, நேரம் உண்டு, அலுவலகக் கதவுகளைத் தட்டும் துணிவு உண்டு. இல்லாதது ஆண்டுகள் மட்டுமே. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பொறுப்பு இளைய தோள்களுக்கு மாறவில்லையெனில், குழு அவர்களோடு சேர்ந்தே முதுமையடைகிறது.

லடாக்கில் அந்தக் கைமாற்றம் ஓரளவு நிகழ்ந்தது. நோர்பெலின் முயற்சியை முன்னோடியாகக் கொண்டு, பொறியாளரும் கல்வியாளருமான சோனம் வாங்சுக் 2013–14 குளிர்காலத்தில் மாணவர்களுடன் சேர்ந்து ‘பனித் தூபி’யை உருவாக்கினார். உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து, காற்றில் சிதறி, கூம்பாக உறைகிறது. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவாதலால், நிழலற்ற இடத்திலும் அது மெல்லவே உருகுகிறது. உயரமான பள்ளத்தாக்கைத் தேடிச் செல்லாமல் ஊரருகிலேயே அமைக்கலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் குழாயில் நீர் உறைந்து அடைபட்டால், நள்ளிரவிலும் அதைச் சரிசெய்ய ஒருவர் வெளியே வந்தாக வேண்டும். கருவி மாறியது, காவல் காக்கும் கடமை மாறவில்லை.

எனவே ஒரு கிராமத்தின் நீர் எதிர்காலத்தை அறிய விரும்புவோர் அங்கு எத்தனை தேக்கங்கள் கட்டப்பட்டன என்று எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. அடுத்த நவம்பரில் மதகைத் திருப்பப் போகிறவர் யார் என்றும், அவருக்கு ஊர் என்ன கூலி அளக்கிறது என்றும் கேட்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுப் பணியும் ஓய்வுக்கால உழைப்பும் சேர்ந்து நோர்பெல் விட்டுச்சென்ற செல்வம் அந்தக் கற்சுவர்கள். அவற்றின் பின்னால் ஏப்ரலில் பனி இருக்குமா, வெறுங்கல் இருக்குமா என்பது அக்கேள்விக்கு ஊர் தரும் விடையைப் பொறுத்தது.