படிதாண்டிய குணசுந்தரி

குலைந்த இல்லறத்தைக் கருவாகக் கொண்ட இரு மௌனப் படங்கள் 1927ஆம் ஆண்டில் வெளிவந்தன: ஒன்று, முர்னாவ் ஹாலிவுட்டில் இயக்கிய ‘சன்ரைஸ்’, மற்றொன்று, பம்பாய்க் கோகினூர் கம்பெனிக்காகச் சந்துலால் ஷா இயக்கிய ‘குணசுந்தரி’. இரண்டிலும் கணவன் வேறொருத்தியை நாடுகிறான். சிக்கல் அவிழும் விதந்தான் வேறு.

முர்னாவின் படத்தில், மனைவியை ஏரியில் மூழ்கடிக்கத் துணிந்த கணவன் மனம் மாறி அவளோடு திரும்பும் இரவில் புயல் வீச, தான் தப்புவதற்கென்று ஒளித்துவைத்த நாணற்கட்டையே அவள் உடலில் கட்டிவிடுகிறான். அதுவே அவளை மிதக்கவைக்கிறது. விடியலில், கணவன் நாடிய நகரத்துக்காரி வண்டியேறி ஊரைவிட்டுப் போகிறாள். இடைத்தலைப்புகள், அதாவது காட்சிகளுக்கு நடுவே எழுத்தாகக் காட்டப்படும் உரைகள், படம் வளர வளர அருகிவிடுவதால் இம்முடிவை முகங்களும் ஒளியுமே சொல்கின்றன. மூலமான சூடர்மனின் கதையிலோ இறப்பவன் கணவன். திரையின் முடிவு அழகியதே. ஆனால் மன்னிப்பதைத் தவிர மனைவிக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

கோஹர் நடித்த குணசுந்தரி அத்தகையவள் அல்லள். பகலெல்லாம் அடுப்படியில் உழன்று, தொழில் கவலையோடு இரவில் வீடு திரும்பும் கணவனிடம் வீட்டுக் கவலையைச் சொல்லும் அவள், அவன் நாட்டியக்காரியிடம் ஆறுதல் தேடியபோது, தானும் வாசற்படியைத் தாண்டி அவன் உலவும் வெளியுலகிற்குச் செல்கிறாள். மாதவியிடம் சென்ற கோவலனுக்காக மனைக்குள்ளேயே காத்திருந்த கண்ணகியின் கதையில் ஊறி, ‘படிதாண்டாப் பத்தினி’ என்று புகழ்ந்து பழகிய தமிழருக்கு இத்திருப்பம் எளிதில் செரித்திராது. அக்கணவனாக நடித்தவரோ புதுக்கோட்டைத் தமிழரான ராஜா சாண்டோ. ‘கணவர்கள் ஏன் வழிதவறுகிறார்கள்’ என்னும் பொருள்பட அமைந்த ஆங்கில மாற்றுத் தலைப்பு மட்டும், தவறியவனை விட்டுவிட்டு இல்லத்தரசியின் குறையைத் தேடுவதாகவே தோன்றுகிறது. படம் அடைந்த துணிவைத் தலைப்பு அடையவில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டு நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் ஏறும் பெண்களுக்கு வாசற்படி இன்று ஒரு பொருட்டன்று எனினும், களைத்து வந்த இருவரில் யார் கவலையை யார் முதலில் கேட்பது என்ற குணசுந்தரி வீட்டு வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சந்துலால் ஷாவே இக்கதையை 1934இல் பேசும்படமாக மறுபடியும் எடுத்தார். ராஜா சாண்டோவோ அதற்கு முன்பே சென்னைக்கு வந்து, ‘பேயும் பெண்ணும்’ முதலிய மௌனப் படங்களைத் தாமே இயக்கத் தொடங்கியிருந்தார்.