இரும்புக்கு முன்னால் வெண்கலமா? - டெக் ட்ரீயும் நம்ம ஊர் மலையும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகத்தை (1997) ஆடியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். கற்காலம், கருவிக் காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம். வெண்கலத்தைத் தாண்டாமல் இரும்புக்குப் போகவே முடியாது. எத்தனை உணவு, எத்தனை தங்கம் சேர்த்து வைத்திருந்தாலும் சரி.

இந்த ஏற்பாட்டுக்கு டெக் ட்ரீ என்று பெயர். 1980ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் ட்ரெஷாம் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' என்ற பலகை விளையாட்டில்தான் இது முதலில் வந்தது என்பார்கள். 1991ல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் அதே பெயரில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தபோது இது உலகம் முழுக்கப் பரவியது. ஷெல்லி பிறகு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் குழுவுக்குப் போனார். கூடவே மரமும் போனது!

ஆனால் கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசை இவர்கள் கண்டுபிடித்ததல்ல. டென்மார்க்கில் தாம்சன் என்பவர் கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பொருட்களை அடுக்கி வைக்க உருவாக்கிய முறை அது. 1836ல் அச்சில் வந்தது. வட ஐரோப்பாவுக்கு நன்றாகவே பொருந்தியது. அலமாரியில் பொருள் அடுக்கிய வரிசையே பிறகு மனித குலம் முழுவதற்குமான மாடிப்படி ஆகிவிட்டதுதான் வேடிக்கை.

தமிழ்நாட்டில் இந்தப் படி இடிக்கிறது. இங்கே புதிய கற்காலத்துக்குப் பிறகு நேராக இரும்புக் காலம். நடுவில் தனியாக ஒரு வெண்கலக் காலம் கிடையாது. ஆதிச்சநல்லூரில் அழகான வெண்கலப் பொருட்கள் கிடைத்தன, ஆனால் இரும்போடு சேர்ந்தே கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022ல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை, சிவகளைக்கு கி.மு. 3345 வரை கொண்டு போனது. இவ்வளவு பழைய தேதிக்கு இன்னும் சான்று வேண்டும் என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு, கேட்க வேண்டியதுதான். தேதி எப்படிப் போனாலும் வரிசை மாறவில்லை.

சிவிலைசேஷன் 6ல் (2016) இன்னொரு கூத்து. வெண்கலத் தொழில்நுட்பத்தை ஆராயும் வரை வரைபடத்தில் இரும்பு கண்ணுக்கே தெரியாது. வேங்கிக்காலில் முதல் நகரத்தை நிறுவி ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையை அடுத்த கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது இருக்கிறது. அதைத் தோண்டும் திட்டம் வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்ததும் தெரிந்த கதை. ஆனால் விளையாட்டில் வெண்கலம் வரும் வரை அவை வெறும் மலைகள்!

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்கு 2022ல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' இதில் கொஞ்சம் பரவாயில்லை. திராவிடர் என்று ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழன் கதை, உருமி வீரர்கள், வூட்ஸ் ஸ்டீல் என்று தனித் தொழில்நுட்பம். அதை ஆராய்ந்தால் எதிரியின் கவசம் பயனற்றுப் போகும். ஆனால் கடைசி யுகத்தில்தான் கிடைக்கும். கொடுமணலில் சங்க காலத்திலேயே இரும்பும் எஃகும் உருக்கியதற்குத் தடயம் இருக்கிறது. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் எஃகு உருக்கிய மூசைகளின் மிச்சத்தை 1990களில் ஷாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்து எழுதினார்.

செய்முறை கேட்டால் எளிமை போலத் தோன்றும். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்டு, மண் மூசையை அடைத்து, மணிக்கணக்கில் ஊதி எரிப்பார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி எஃகாகும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எப்படி ஆறவிடுவது என்பதெல்லாம் செய்பவர் கைப்பழக்கம்.

டெக் ட்ரீயில் ஒருமுறை கற்றதை யாரும் மறப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் எரிந்ததுதான். வூட்ஸுக்கு அப்படி நடக்கவில்லை. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் அந்த எஃகின் ரகசியத்தைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே நூற்றாண்டு முடிவதற்குள், மலிவான இறக்குமதி இரும்பும் கரிக்கு மரம் வெட்டத் தடைகளும் வந்து, இங்கே உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆவாரையும் எருக்கும் திருவண்ணாமலைச் சாலையோரத்தில் இன்றும் முளைக்கின்றன.