73 விநாடிகளுக்குப் பிறகு

ஜனவரி 28, 1986. புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து சேலஞ்சர் விண்கலம் கிளம்பியது. உள்ளே 7 பேர். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப். பள்ளிக்கூட டீச்சர். 11,000-க்கும் அதிகமான ஆசிரியர்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர். விண்வெளியிலிருந்தே பாடம் நடத்துவதாக ஏற்பாடு. அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் டி.வி. முன்னால் காத்திருந்தார்கள்.

73 விநாடிகள். அவ்வளவுதான். வானமெல்லாம் வெண்புகை.

காரணம்? ராக்கெட் பூஸ்டரின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம், முந்தைய ராத்திரியின் உறைபனியில் விறைத்துவிட்டது. சூடான வாயு கசிந்து, எல்லாம் முடிந்துபோனது.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், அதுதான் இல்லை. முதல்நாள் ராத்திரியே, பூஸ்டரைத் தயாரித்த கம்பெனியின் எஞ்சினியர்கள் யூட்டாவிலிருந்து போனில் எச்சரித்தார்கள். இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். கம்பெனி மேலாளர்களோ தங்கள் எஞ்சினியர்களையே ஓரங்கட்டிவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். ஆக, அறிவியலுக்குத் தெரிந்திருந்தது. மனிதர்கள்தான் காது கொடுக்கவில்லை.

இறந்தவர்களின் குடும்பங்கள் ஹூஸ்டனில், கேப்டன் டிக் ஸ்கோபியின் மனைவி ஜூன் ஸ்கோபி வீட்டில் கூடின. சிலையா, நினைவுத் தூணா? இரண்டும் வேண்டாம், கிறிஸ்டா விட்ட பாடத்தைத் தொடருவோம் என்று முடிவானது. அந்த வருடமே 'சேலஞ்சர் சென்டர்' பிறந்தது. 1988-ல் ஹூஸ்டனில் முதல் பயிற்சி மையம்.

உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டு அறைகள். ஒன்று விண்கலம், இன்னொன்று தரைக்கட்டுப்பாட்டு நிலையம். பாதிப் பிள்ளைகள் இங்கே, பாதி அங்கே. ஒருத்தி பாதையைக் கணக்கிடுவாள், ஒருத்தன் ஆக்ஸிஜனைப் பார்த்துக்கொள்வான், இன்னொருத்தர் வைத்தியம். திடீரென்று அபாயச் சங்கு ஊதும். வகுப்பில் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குகிற பையனாலும் தனியாக ஒன்றும் கிழிக்க முடியாது. தேவையான தகவல் அடுத்த அறையில் இருக்கும். கேட்டாக வேண்டும், அவர்கள் சொல்வதை நம்பியாக வேண்டும். பாதி வழியில் இரண்டு அணியும் அறை மாறிக்கொள்ளும். இதுவரை உத்தரவு போட்டவன் இப்போது எதிர்முனையில்!

கிறிஸ்டா நடத்தவிருந்த பாடங்களில் சிலவற்றை, 2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இரண்டு முன்னாள் ஆசிரியர்கள் நடத்திக் காட்டினார்கள். 32 வருடம் தாமதம்.

ஆனால் அந்த இரண்டு அறைப் பாடம் அதைவிடப் பெரியது. 1986-ல் அந்த ராத்திரி, போனின் இரு முனைகளிலும் இருந்தவர்களுக்கு யாராவது அதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.