தேனிலவுக் கப்பல் பயணம்

தேனிலவுக் கப்பல் பயணம் என்பது புதுமணத் தம்பதியர் தமது தேனிலவை உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் கழிக்கும் சுற்றுலா வகை ஆகும். தங்குமிடம், உணவு, துறைமுகங்களுக்கு இடையிலான போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒரே கட்டணத்தில் அடங்குவது இதன் சிறப்பியல்பு. நிலத்தில் உள்ள விடுதியில் அறை பிடிக்காவிட்டால் வேறு விடுதிக்கு மாறிவிடலாம். நிரம்பிய கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பின்னர் அவ்வாய்ப்பு இல்லை. எனவே அறையைத் தெரிவு செய்தல் இப்பயணத் திட்டமிடலில் முதன்மை பெறுகின்றது. அறைகளின் விலை பெரும்பாலும் வகையை ஒட்டி அமைந்தாலும், இரவில் நல்ல உறக்கம் கிடைப்பது அறை கப்பலின் எப்பகுதியில் உள்ளது என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.

வரலாறு

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலாகப் பொதுவாகக் கருதப்படுவது 1900 ஆம் ஆண்டில் வெள்ளோட்டம் விடப்பட்ட பிரின்செசின் விக்டோரியா லூயிஸ் ஆகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்துக்காக, ஆல்பர்ட் பாலின் என்பவரின் முயற்சியால் இது உருவாக்கப்பட்டது. இதன் அறைகள் அனைத்தும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. இக்கப்பல் 1906 ஆம் ஆண்டில் ஜமைக்காக் கரையில் தரைதட்டி அழிந்தது.

1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'த லவ் போட்' என்னும் தொலைக்காட்சித் தொடர், காதலையும் கப்பல் பயணத்தையும் மக்கள் மனதில் இணைத்தது. 1984 ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த ராயல் பிரின்சஸ் கப்பலில் பயணியர் அறைகள் யாவும் கடலை நோக்கி அமைந்திருந்தன. 2009 ஆம் ஆண்டில் வந்த ஓயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலில், கடலுக்குப் பதிலாகக் கப்பலின் நடுவில் உள்ள பூங்காவை நோக்கிய பால்கனி அறைகளும் இடம்பெற்றன.

அறை வகைகள்

உல்லாசக் கப்பல்களின் அறைகளைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிப்பர்.

- உள்ளறை: சாளரம் அற்றது, விலை குறைந்தது. முழு இருள் நிலவுவதால் உறக்கத்துக்கு ஏற்றது. எனினும் பகலா இரவா என்று அறிய இயலாது. 2011 ஆம் ஆண்டில் வந்த டிஸ்னி ட்ரீம் கப்பலின் உள்ளறைகளில், வெளிக்காட்சியை நேரடியாகக் காட்டும் மின்னணுத் திரைகள் சாளர வடிவில் பொருத்தப்பட்டன.
- கடற்காட்சி அறை: திறக்க முடியாத சாளரம் கொண்டது. இவற்றுட் சிலவற்றில் உயிர்காப்புப் படகுகள் காட்சியை மறைக்கும். இத்தகையவை 'காட்சி மறைக்கப்பட்டவை' எனக் குறிக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன.
- பால்கனி அறை: வெளியே அமர்வதற்குத் தனி இடம் கொண்டது. கூட்டத்திலிருந்து விலகி இருவர் மட்டும் இருக்க இயலுவதால் தேனிலவுப் பயணியர் பலரும் இதனை விரும்புகின்றனர். மேல்தளத்தில் இருந்து பார்த்தால் உட்புறம் தெரியும் பால்கனிகளும் உண்டு.
- சூட்: தனி வரவேற்பறை அல்லது கூடுதல் இடம் கொண்ட உயர்விலை அறைத்தொகுதி.

அமைவிடத்தின் முக்கியத்துவம்

அசைவு

கடலில் கப்பல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடுகின்றது. நவீன கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்தப்பட்டுள்ள நிலைப்படுத்தும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கின்றன. முன்பின் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க இயலாது. கப்பலின் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு 2 பாகை முன்பின் ஆட்டம் ஏற்படுவதாகக் கொள்வோம். நடுவிலிருந்து 120 மீட்டர் தொலைவில் உள்ள அறை ஏறத்தாழ 4 மீட்டர் உயர்ந்து தாழும். 30 மீட்டர் தொலைவில் உள்ள அறையோ ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே அசையும். எனவே கடல் குமட்டல் ஏற்படக்கூடியவர்களுக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் உள்ள அறையே ஏற்றது. விலை மிகுந்த மேல்தள முன்பக்க அறைகளில் அசைவு கூடுதலாக உணரப்படும்.

ஓசை

மேலும் கீழும் பயணியர் அறைகளே உள்ள தளம் அமைதியானது. உணவுக்கூடத்துக்கும் நீச்சற்குளத் தளத்துக்கும் நேர் கீழே உள்ள அறைகளில் அதிகாலையில் நாற்காலிகள் இழுக்கப்படும் ஓசை கேட்கும். அரங்கின் மேலுள்ள அறைகளில் நள்ளிரவு வரை இசை கேட்கலாம். முன்முனையின் கீழ்த்தளங்களில், துறைமுகத்தை அடையும்போது பக்கவாட்டு உந்திகளும் நங்கூரச் சங்கிலியும் எழுப்பும் ஒலி உறக்கத்தைக் கலைக்கும். கப்பல் நிறுவனங்கள் வெளியிடும் தள வரைபடத்தில், தெரிவு செய்யும் அறைக்கு மேலும் கீழும் உள்ளவற்றை ஒப்பிட்டுப் பார்த்து இவற்றைத் தவிர்க்கலாம்.

பக்கம்

சென்ற வழியே திரும்பாத ஒருவழிப் பயணங்களில் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற வேறுபாடு பொருளுடையது. எடுத்துக்காட்டாக, கனடாவின் வான்கூவரில் இருந்து வடக்கு நோக்கி அலாஸ்காவுக்குச் செல்லும் கப்பலில் பெருநிலக்கரை பெரும்பாலும் வலப்பக்கத்தில் அமையும்.

முன்பதிவு

கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அன்றி, ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்படுகின்றது. பணியாளர் வெகுமதி, மதுவகைகள், இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா ஆகியவை பல நிறுவனங்களில் இதில் அடங்குவதில்லை. வகையை மட்டும் உறுதிசெய்து, அறை எண்ணைப் பின்னர் நிறுவனமே ஒதுக்கும் மலிவான முறையும் உண்டு. இம்முறையில் அமைவிடத்தைத் தெரிவு செய்யும் உரிமை பயணியருக்கு இல்லை. பெரும்பாலான அறைகளில் இரண்டு ஒற்றைக் கட்டில்களை இணைத்தே இரட்டைக் கட்டில் அமைக்கப்படுகின்றது. சில அறைகளில் அவற்றை இணைக்க இயலாது என்பதால் முன்பதிவின்போதே இதனை உறுதிசெய்வது அவசியம்.

பருவகாலம்

அலாஸ்காப் பயணங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை நடைபெறுகின்றன. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கின்றது. ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அது உச்சத்தில் இருக்கும். அக்காலத்தில் கரிபியன் பயணங்கள் மலிவாகக் கிடைத்தாலும், துறைமுகங்கள் மாற்றப்படவோ கைவிடப்படவோ கூடும். அதற்கான உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் பயண ஒப்பந்தத்தில் தம்மிடம் வைத்துள்ளன.

ஆவணங்கள்

பயணச்சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ளும் மணமகள், புதிய கடவுச்சீட்டு பெறும் வரை பழைய பெயரிலேயே பதிவு செய்வது பாதுகாப்பானது. பெயர் மாறுபட்டால் கப்பலில் ஏற அனுமதி மறுக்கப்படலாம். நுழைவு அனுமதி தேவைப்படும் நாட்டினர் வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டின் விதியையும் அறிதல் வேண்டும். கிரேக்கத்தில் புறப்பட்டுத் துருக்கி சென்று மீளும் கப்பல் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், ஒருமுறை நுழைவு அனுமதி அதற்குப் போதாது.

கப்பல் தாமதமாக வருவோருக்காகக் காத்திருப்பதில்லை. ஆகையால் திருமண நாளுக்கும் புறப்பாட்டுக்கும் இடையே சில நாட்கள் விட்டு, புறப்படும் துறைமுக நகரை ஒருநாள் முன்னரே அடைவது பரிந்துரைக்கப்படுகின்றது.

கப்பலில் திருமணம்

கப்பல் தலைவர் எவரும் திருமணம் செய்து வைக்கலாம் என்பது பரவலான தவறான நம்பிக்கை ஆகும். அது கப்பல் பதிவு செய்யப்பட்டுள்ள நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. குனார்டு நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் குயீன் மேரி 2 உள்ளிட்ட தனது மூன்று கப்பல்களின் பதிவைப் பிரித்தானியாவில் இருந்து பெர்முடாவுக்கு மாற்றியது. கடலில் திருமணம் நடத்தப் பெர்முடாச் சட்டம் இடமளிப்பதும், பிரித்தானியச் சட்டம் இடமளிக்காததும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

பாதுகாப்பு

தீ, கப்பலில் மிகப்பெரும் இடர்களுள் ஒன்றாகும். எனவே மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, துணி தேய்ப்புப் பெட்டி போன்றவற்றை அறைக்குக் கொண்டு செல்லப் பெரும்பாலான கப்பல்களில் தடை உள்ளது. 2012 ஆம் ஆண்டு சனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே கோஸ்டா கொன்கார்டியா விபத்துக்குள்ளாகி 32 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் விதிகள் திருத்தப்பட்டு, 2015 முதல் புதிதாக ஏறிய பயணியருக்கான பாதுகாப்புப் பயிற்சி புறப்பாட்டுக்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தப்பட வேண்டும் என்றானது. அறையிலிருந்து ஒன்றுகூடும் இடத்துக்குச் செல்லும் வழியை இருவரும் முதல் நாளே நடந்து பார்த்து அறிந்துகொள்ளுதல் நன்று.

தமிழ்நாட்டில்

கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஆம் ஆண்டு சூன் மாதம் சென்னையில் இருந்து தனது பயணங்களைத் தொடங்கியது. 2023 ஆம் ஆண்டில் இக்கப்பல் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது. 1990 ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த இக்கப்பலில் பால்கனி அறைகள் சிறு பங்கே ஆகும். இதனையொத்த பழைய கப்பல்களில் அவ்வகை அறையை விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும்.